பார்க்கின்சன் நோய்க்குக் கூட்டுச் சிகிச்சை: சிறு நகரத்தில் அது எப்படி அமையும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கிறோம். காலை 8, பகல் 12, மாலை 4, இரவு 8 என நான்கு வேளை லெவோடோபா மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக உள்ளூர் டாக்டர் மாத்திரை தருகிறார். இரவில் அடிக்கடி சிறுநீர் போவதால் சிறுநீரகவியல் மருத்துவர் புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் காலை 11.30 மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். அப்பா ஒத்துழைப்பதில்லை என்று வருத்தப்படுகிறார். நான்கு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். தலைசுற்றுகிறது என்றதற்கு உள்ளூரில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதன்பின் உடம்பு இறுக்கம் கூடிவிட்டது. மதுரையில் லெவோடோபாவின் அளவைக் கூட்டினார்கள். இப்போது சாயங்காலமானால் மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். சாப்பிடும்போது புரையேறுகிறது. சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலிச் சூரணம் வாங்கி வந்திருக்கிறார். அப்பா இரவில் தனியாக எழுந்து போகாமல் இருக்க, அம்மா அறை வாசலை மறித்துப் பாய் விரித்துப் படுக்கிறார். இந்த நோயைப் பல துறையினர் குழுவாகச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று படித்தேன். ஏற்கெனவே நான்கு பேரிடம் காட்டுகிறோம். இன்னும் யாரிடம், எங்கே போக வேண்டும்?

— ஒரு மகள், அருப்புக்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு இன்றைய நிலையில் ஐந்தாவதாக ஒரு மருத்துவர் தேவையில்லை. இப்போது பார்க்கும் நான்கு பேரும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறிய வேண்டும் என்பதே முதல் தேவை. எத்தனை பேரிடம் காட்டுகிறோம் என்ற எண்ணிக்கை குழுவை உண்டாக்குவதில்லை. ஒருவர் செய்த மாற்றம் மற்றவருக்குத் தெரிந்து, அதற்கேற்பத் தம் முடிவை அவரும் மாற்றிக்கொள்ளும்போதுதான் அது கூட்டுச் சிகிச்சை ஆகிறது. நான் நரம்பியல் மருத்துவன். நேரில் பார்க்காத ஒருவருக்குக் கடிதத்தை மட்டும் வைத்து மருந்து மாற்றச் சொல்வது சரியல்ல என்பதால், எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் தனித்தனிக் குறைகளாக எழுதியிருப்பவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோயே எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. லெவோடோபா அதை இன்னும் சற்றுக் குறைக்கும். ரத்த அழுத்த மாத்திரையின் வேலையே குறைப்பதுதான். புராஸ்டேட்டுக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, ரத்தக் குழாய்களையும் தளர்த்தி நிற்கும்போது அழுத்தத்தை இறக்குகின்றன. மூன்று மருத்துவர்களும் தத்தம் அளவில் தவறு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. மூன்று சீட்டுகளும் ஒரே உடம்பில் சேரும்போது, இரவு இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கிற மனிதருக்குக் கண் இருட்டுகிறது. அதைத் தலைசுற்றல் என்று சொன்னதும் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை வந்திருக்கிறது. அந்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் தலைசுற்றலுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் சின்னரிசின், புரோக்ளோர்பெரசின் ஆகிய இரண்டும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. எந்த டோபமின் குறைவதால் இந்த நோய் வருகிறதோ, எதை ஈடுகட்ட லெவோடோபா கொடுக்கிறோமோ, அதையே இவை மறிக்கின்றன. இறுக்கம் கூடுகிறது, நோய் முற்றிவிட்டது என்று எண்ணி லெவோடோபாவின் அளவு கூட்டப்படுகிறது, கூட்டியதால் நிற்கும்போது அழுத்தம் மேலும் இறங்கலாம், இல்லாத உருவங்களும் தெரியத் தொடங்கலாம். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் நடந்திருக்கக் கூடியவற்றுள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இதுவே. சோதிப்பதும் எளிது.

தந்தையை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். காலையில் எழுந்தவுடன் ஒருமுறை, மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை என மூன்று நாட்கள் அளந்தால் போதும். உட்கார வைத்து மட்டும் அளந்த கணக்கில் இது தெரியாமலே போய்விடும். மருத்துவமனைகளில் பெரும்பாலும் உட்கார வைத்தே அளக்கிறோம். இந்தக் குறிப்புடன் மூன்று மருத்துவச் சீட்டுகளையும் சேர்த்து உள்ளூர் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். பல வருடங்களுக்கு முன் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரை இன்றும் அதே அளவில் தேவையா என்று கேளுங்கள். புராஸ்டேட் மாத்திரையைப் பற்றிச் சிறுநீரகவியல் மருத்துவரிடம் இதே கேள்வி. தலைசுற்றல் மாத்திரையின் பெயரை மட்டும் மூன்று மாதம் காத்திராமல் இன்றே மதுரை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

மூலையில் தெரியும் குழந்தைகளைப் பற்றி மருத்துவரிடம் இதுவரை சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பல குடும்பங்கள் இதைச் சொல்வதில்லை. பைத்தியம் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். இது இந்த நோயிலும் இதன் மருந்துகளிலும் வரக்கூடியது, சரிசெய்யவும் வழிகள் உண்டு. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவையும் இதைத் தூண்டும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். நடுக்கத்துக்காகத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை அவருடைய சீட்டில் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் தரக்கூடிய மருந்து அது. உருவங்கள் தெரியும்போது அப்படி யாரும் இல்லை என்று வாதாட வேண்டாம். விளக்கைப் போட்டு, அருகில் உட்கார்ந்து, பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். இதற்கென்று ஹாலோபெரிடால் போன்ற மருந்தை நோய் தெரியாத யாராவது கொடுத்துவிட்டால் உடம்பு கட்டையாகிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. இந்த நான்கு பெயர்களையும், அதாவது சின்னரிசின், புரோக்ளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு, ஹாலோபெரிடால் ஆகியவற்றை, அவருடைய மருத்துவக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் "கொடுக்கக் கூடாதவை" என்று எழுதி வையுங்கள்.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. வேலை செய்யாத மருந்து என்பதற்காக அதை நான் தடுக்கவில்லை; வேலை செய்யும் மருந்து என்பதால்தான் கவலைப்படுகிறேன். ஏற்கெனவே அளவு கூட்டப்பட்டு, உருவங்கள் தெரியத் தொடங்கிய ஒருவருக்கு, கணக்கில் வராத இன்னொரு பங்கு லெவோடோபா உள்ளே போகிறது. இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்க வேண்டாம். தொடங்கியிருந்தால் எவ்வளவு, எத்தனை நாட்களாக என்பதை ஒளிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். கோபப்படுவாரோ என்று சொல்லாமல் விடுவது மிகவும் ஆபத்தானது.

அடுத்து, உங்கள் பிசியோதெரபிஸ்ட்டின் வருத்தம். காலை 8 மணிக்குச் சாப்பிட்ட மாத்திரையின் வேகம் 11.30 மணிக்கு இறங்கிவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. ஆறு ஆண்டு ஆனவர்களில் பலருக்கு இந்த இடைவெளி வருகிறது. ஒரு நாளில் அவர் மிகவும் இறுகியிருக்கும் வேளையில் வந்து காலைத் தூக்குங்கள், நடங்கள் என்றால் அவரால் எப்படி முடியும்? அதை ஒத்துழைக்காமை என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. பிசியோதெரபிஸ்ட்டின் வருகையை 9 அல்லது 9.30 மணிக்கு மாற்றிப் பாருங்கள். இதே மனிதர் வேறு மாதிரி நடப்பதை அவரே பார்ப்பார். இந்த நோயில் எல்லாத் துறையினரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நோயாளியின் மாத்திரை நேரத்தைத்தான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, குளியல், சாப்பாடு, வங்கிக்குப் போய்வருவது எல்லாம் மாத்திரை பிடித்திருக்கும் நேரத்தில் அமைந்தால் பாதிச் சிரமம் குறையும்.

அந்த மாத்திரை சரியாகப் பிடிப்பதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. உணவிலுள்ள புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் போட்டியிடுகின்றன. காலை மாத்திரையைப் பாலுடனோ சத்துமாவுக் கஞ்சியுடனோ விழுங்குவது பல வீடுகளில் வழக்கம். அந்த வேளை மாத்திரை வீணாவதற்கு அதுவே போதும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரில் விழுங்குவதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் தள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்காகப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் எடை குறைவது தனித் தொல்லை. தேவைப்பட்டால் புரதத்தின் பெரும்பங்கை இரவு உணவுக்கு மாற்றலாம்; அதை உணவியல் வல்லுநர் ஒருவர் கணக்கிட்டுச் சொல்வது நல்லது.

இந்த நோயைக் கைநடுக்கம் என்ற ஒரே அறிகுறியாகப் பார்ப்பதுதான் பல துறையினர் எதற்கு என்ற ஐயத்தைத் தருகிறது. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து எழுதிய முதல் விவரிப்பிலேயே நடுக்கத்தோடு நடை, பேச்சு, விழுங்குதல், மலச்சிக்கல், தூக்கம் எல்லாம் இடம்பெற்றுவிட்டன. இத்தனையையும் புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களில் ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட முடியாது. எனக்கும் அது முடிவதில்லை. லெவோடோபாவுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத தொல்லைகளும் இருக்கின்றன. நிலை தவறி விழுவதும், விழுங்கும் சிரமமும், தணிந்துபோன குரலும் அப்படிப்பட்டவை. இவற்றுக்கு மருந்துச் சீட்டைவிடப் பயிற்சியாளரின் கையே அதிகம் உதவுகிறது.

நீங்கள் படித்தது பெரும்பாலும் நெதர்லாந்தின் முயற்சியைப் பற்றியதாக இருக்கும். அங்கே 2004-இல் நைமேகன் நகரில் நரம்பியல் மருத்துவர் பாஸ் புளூமும் மார்டன் முன்னெக்கேயும் தொடங்கிய பார்க்கின்சன்நெட் என்ற அமைப்பு, பெரிய மருத்துவமனை எதையும் கட்டவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏற்கெனவே இருந்த பயிற்சியாளர்களில் சிலருக்கு இந்த நோயில் தனிப் பயிற்சி தந்து, நோயாளிகளை அவர்களிடமே அனுப்பி, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வழி செய்தது. 2010-இல் வெளிவந்த அதன் முதல் பெரிய ஆய்வில் நோயாளிகளின் அன்றாடச் செயல்பாடு பெரிதாக மேம்படவில்லை, செலவு குறைந்தது. 2018-இல் வந்த காப்பீட்டுக் கணக்குகளின் ஆய்வில், தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகளிடம் சென்றவர்களில் 17 சதவீதம் பேருக்கும், மற்றவர்களிடம் சென்றவர்களில் 21 சதவீதம் பேருக்கும் எலும்பு முறிவு, நிமோனியா போன்ற சிக்கல்கள் வந்தன. அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழாமல் தப்பிய ஒருவரின் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு சிறியதல்ல. உங்களுக்கு இதில் பயன்படுவது, குழு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை என்ற செய்தி. உங்கள் பிசியோதெரபிஸ்ட் இந்த நோயைப் படித்துக்கொள்ள ஆர்வமுள்ளவரா என்று பாருங்கள். நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதும், தரையில் ஓரடிக்கு ஒன்றாக வண்ணப் பட்டைகள் ஒட்டி அவற்றைத் தாண்டச் சொன்னாலோ தாளம் தட்டினாலோ கால் எழும் என்பதும் தெரிந்த ஒருவர் உங்களுக்குத் தேவை.

புதிதாகச் சேர்க்க வேண்டியவர் என்று ஒருவரைச் சொல்வதானால், பேச்சுப் பயிற்சியாளரைச் சொல்வேன். பெயர் அப்படி இருந்தாலும் விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி தருபவரும் அவரே. புரையேறுவதை அலட்சியம் செய்ய வேண்டாம். உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி வரும் நிமோனியா, இந்த நோயில் உயிரிழப்புக்கு முக்கியக் காரணம். தண்ணீர் குடித்தபின் குரல் நீர் கோத்ததுபோலக் கரகரத்தால் அதுவே எச்சரிக்கை. கெட்டியான கூழைவிடத் தண்ணீரும் ரசமும்தான் பலருக்கு அதிகம் புரையேறும், நீரும் பருக்கையுமாக இருக்கும் ரசஞ்சோறு இன்னும் சிரமம். அவருக்கு எது ஏற்கும் என்பதைப் பயிற்சியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சிறு கவளமாக, பேச்சுக் கொடுக்காமல் சாப்பிடட்டும். அமெரிக்காவில் 1980-களில் உருவான லீ சில்வர்மன் குரல் பயிற்சி, நான்கு வாரத்தில் பதினாறு அமர்வுகளாக, உரக்கப் பேசுவதை மட்டுமே குறியாக வைத்துப் பழக்குகிறது; அது தெரிந்தவர் கிடைத்தால் நன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர் பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு இருப்பார். விருதுநகரிலோ மதுரையிலோ அந்தப் பிரிவில் விசாரியுங்கள். வீட்டுக்கே வரும் உதவிக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் அடங்கும். அதன் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் அளப்பார்கள். படுத்தும் நின்றும் அளக்கும்படி கேளுங்கள்.

இனி எல்லோரையும் இணைக்கும் தாள். பெரிய கோப்பு வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில், எல்லா மாத்திரைகளின் பெயரும் நேரமும், எழுதிக் கொடுத்தவர் யார் என்பதும், கடைசியாக மாறியது என்ன, எந்தத் தேதியில் என்பதும் இருக்கட்டும். அடியில் மூன்று நாள் குறிப்பு: எந்த மணியில் நன்றாக நடந்தார், எந்த மணியில் இறுகினார், எப்போது உடம்பு தானாக அலைந்தது, எப்போது விழுந்தார். யாரிடம் போனாலும் இந்தத் தாளைத்தான் முதலில் நீட்ட வேண்டும். புதிதாக எதை எழுதினாலும் இதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். நான்கு பேரில் இறுதி வார்த்தை யாருடையது என்பதையும் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மருந்தைப் பொறுத்தவரை அது நரம்பியல் மருத்துவராக இருப்பதே பொருத்தம்.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வாசலை மறித்துப் படுப்பவர் மீதே தடுக்கி உங்கள் தந்தை விழக்கூடும், இருவருக்கும் அடிபடும். கட்டிலருகே சிறுநீர்க் குவளை, கையெட்டும் தூரத்தில் அழைப்பு மணி, இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, கழிவறைச் சுவரில் பிடிகம்பி, வழுக்காத விரிப்பு ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். அன்றாடச் செயல்களைச் சிரமமின்றிச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்தால், எந்தக் கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்பதைச் சரியாகச் சொல்வார். வாரத்தில் சில இரவுகளாவது வேறொருவர் பார்த்துக்கொண்டு, அம்மா தனி அறையில் தூங்க வேண்டும். அவருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

தந்தை எதை விரும்புகிறார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. குழுவின் இலக்கை அவர்தான் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் பிறர் கையெழுத்தைச் சரிபார்த்த காசாளருக்கு, தம் எழுத்து பொடியாகிச் சுருங்குவது இந்த நோயின் அறிகுறிகளில் மிகவும் வலிப்பதாக இருக்கலாம். கோடு போட்ட தாளில் பெரிதாக எழுதும் பயிற்சியும் உண்டு. உடல்நலிவால் கையெழுத்துப் போட முடியாதவர்கள் வங்கியில் சாட்சிகளோடு கைரேகை வைக்க ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று என்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

எலும்பு முறிவுக்கோ வேறு அறுவைச் சிகிச்சைக்கோ அவரை எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும், லெவோடோபாவை வார்டின் வழக்கமான மருந்து நேரத்துக்கு மாற்றாமல் அவருடைய 8, 12, 4, 8 மணிக்கே கொடுக்கும்படி அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். வீட்டு மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்ற நிலை வந்தால் உடனே நரம்பியல் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். மாத்திரை திடீரென நின்று, கடும் காய்ச்சலும் விறைப்பும் நினைவு மயக்கமும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.